பூட்டிய வீட்டுக்கு அடித்த தகரம்

என் மகள் லியாவுக்கு இப்போது காய்ச்சல் இல்லை. ஓடுகிறாள், சண்டை போடுகிறாள், மீன்முள்ளைத் தானே எடுத்துத் தின்னப் பழகியிருக்கிறாள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்களில் இடப்பக்கத்துக் குழாய் ஒன்று மட்டும் இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்க்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று யாரும் பதறிக்கொண்டு படிக்க வேண்டாம். யாரால் ஆயிற்று என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் பாறசாலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் பஸ் கடைசியாக நிற்கிற இடம். கேரளம் எங்கள் சந்தோடு முடிந்துவிடும். அடுத்த சந்து தமிழ்நாடு. அப்பா கடலுக்குப் போகிறவர், கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பி.காம் முடித்ததும் பாறசாலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்தேன். ரேஷன் கார்டு திருத்தம், பென்ஷன் மனு, வருமானச் சான்றிதழ் என்று ஊருக்கே எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. என் எழுத்தை ஊர் நம்பியது. அதுதான் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

எல்லையில் இருப்பவர்களுக்கு இரண்டு விலாசம் உண்டு. ரேஷன் கார்டு இந்தப் பக்கம் என்றால் தாய்வீடோ பெண்ணெடுத்த வீடோ அந்தப் பக்கம் இருக்கும். எந்த அரசு என்ன தருகிறதோ அதற்கேற்ற விலாசத்தை எடுத்து நீட்டுவோம். இதை யாரும் குற்றமாக நினைத்ததில்லை. கொரோனா வந்ததும் அதே பழக்கம் வேறு வேலைக்கு உதவியது. இந்தப் பக்கம் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால் அன்றைக்கே ஆஷா ஊழியர் வந்து நிற்பார், வார்டு மெம்பர் போன் செய்வார், கேட்டில் காகிதம் ஒட்டுவார்கள், முழு வீடும் உள்ளே கிடக்க வேண்டும். அந்தப் பக்கமோ ஆள் வெளியே வராதபடி வாசலில் தகரம் அடித்தார்கள். ஆகவே வாசமிருப்பது இங்கே, பரிசோதனை அங்கே, அங்குள்ள சொந்தக்காரர் விலாசத்தில். அங்கே நோயாளி, இங்கே ஆரோக்கியசாமி. "அங்கோட்டு விலாசம் போடு மக்கா" என்று வந்து நிற்பார்கள். நான் போட்டேன். எத்தனை பேருக்கு என்று கணக்கில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர் வறுவேல் அண்ணன். எங்கள் தெருவின் ஜெபக்கூட்டத்துக்குத் தலைவர். லியாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தலையில் கைவைத்து நின்ற ஞானத்தகப்பன். அன்றைக்குக் கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"எலே பிஜு, தொண்டெ ஒரு மாதிரி இருக்கு. டெஸ்டுக்குப் பதியணும். எனக்க தங்கச்சிக்க விலாசம் போடு."

"எதுக்காக்கும் அண்ணே? அவங்க கெல்ஃபுலெ. வீடு பூட்டியில்லா கெடக்கு."

"அதுதான் நல்லது. ஆருக்கும் தொந்தரவு இல்லெ. இஞ்ச போட்டா அந்த ஆஷா புள்ளெ வந்து கேட்டுலெ ஒட்டும். பின்னெ ஜெபம் ஆரு நடத்துவா, நீயா? ஒனக்கு ஒரு மங்கள வார்த்தெ முழுசா வருமா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் டைப் செய்தேன். அவரிடம் இருந்தது பட்டன் போன். ஆகவே தொடர்பு எண் என்ற இடத்தில் வழக்கம்போல என் எண்ணைப் போட்டேன்.

கோயில் அப்போது பூட்டியிருந்தது. வீட்டிலேயே ஜெபியுங்கள் என்று பங்குச்சாமியார் எல்லோருக்கும் போனில் செய்தி அனுப்பியிருந்தார். ஆனால் எங்கள் தெருவில் மாதா சுரூபம் ஒன்று உண்டு. கண்ணாடிக் கதவு வைத்த சின்னப் பெட்டியில் அதை மாலைதோறும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், அந்த வீட்டார் கண்ணாடியில் முத்தமிட்டு முத்தி செய்வார்கள். அதை நிறுத்த வறுவேல் அண்ணன் சம்மதிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் குறைத்து நடத்தினார். எங்கள் முறை வந்தபோது அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாடுவதற்காக மாஸ்க் தாடையில் கிடந்தது. ஒரு துணியில் சானிடைசர் நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தார். எல்லா வீட்டுக்கும் அதே துணி. இருமலைப் பார்த்து ஜெஸ்லின், என் மனைவி, சுக்குநீர் கொடுத்தாள்.

"பாட்டு அதிகமாச்சு மோளே, வேறெ ஒண்ணும் இல்லெ" என்றார்.

லியாவைத் தூக்கி இடுப்பில் வைத்து, அவள் முகத்தைக் கண்ணாடிக்கு நேரே பிடித்தார். அவள் மாதாவுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று இரண்டு முத்தம் கொடுத்தாள். எல்லோரும் ரசித்தோம்.

நாலாம் நாள் அவளுக்கு லேசான சூடு அடித்தது, ஒரு பகலில் போய்விட்டது. ஜெஸ்லினுக்கு இரண்டு நாள் உடம்பு வலி. மழையில் நனைந்ததால் என்று விட்டுவிட்டோம்.

ஒரு மாதம் கழித்துத்தான் அது வந்தது. காய்ச்சல், மருந்து கொடுத்தால் இறங்கி இரண்டு மணி நேரத்தில் பழையபடி ஏறும். மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். கண் இரண்டும் பீளை இல்லாமல் சிவந்திருந்தன. உதடு வெடித்து, நாக்கு கொவ்வைப்பழம்போல ஆனது. நெஞ்சில் திட்டுத்திட்டாகச் சிவப்பு. நெய்யாற்றின்கரை ஆசுபத்திரியில் காட்டினோம். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். ஒன்றிரண்டு மாதத்துக்குள் வீட்டில் யாருக்காவது கோவிட் வந்ததா?

"இல்லெ டாக்டர். நாங்க எல்லாம் ரூல் படியாக்கும்" என்றேன். அந்தப் பதிலை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் ஒரு கடிதம் எழுதிக் கையில் தந்து, ஆம்புலன்ஸில் திருவனந்தபுரம் அனுப்பினார்கள். அங்கே பெரிய ஆசுபத்திரியில் இன்னொரு ரத்தம் எடுத்தார்கள். கொரோனா கிருமி உடம்புக்குள் வந்துபோனதா என்று காட்டும் பரிசோதனை அது. வந்துபோயிருந்தது.

நோயின் பெயர் எம்.ஐ.எஸ்.-சி. பெண் டாக்டர் ஒருவர் எனக்குப் புரியும்படி சொன்னார். கிருமி வரும்போது உடம்புக்குள் இருக்கும் காவல்படை எழுந்து சண்டை போடும். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சண்டை முடிந்ததும் படை அடங்கிவிடும். எங்கோ ஒரு பிள்ளைக்கு மட்டும், கிருமி போய் வாரங்கள் கழிந்த பிறகும் அடங்காமல், சொந்த உடம்பையே அடிக்கத் தொடங்கும். வயிறு, தோல், கண், இதயம் என்று எல்லாம் வீங்கும். இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பதற்கு எக்கோ என்று பெயர். லியாவின் எக்கோவில் குழாய் ஒன்று ஊதியிருந்தது. அது அதிகமாக ஊதினால் உள்ளே ரத்தம் கட்டியாகலாம்.

"கட்டியானா?" என்று கேட்டேன்.

"பெரியவங்களுக்கு வருமே நெஞ்சடைப்பு, அது" என்றார் டாக்டர். லியாவுக்கு அப்போது ஐந்து வயது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பிள்ளையோடு ஒருவர்தான் இருக்கலாம், கொரோனாச் சட்டம். ஜெஸ்லின் உள்ளே போனாள். நான் வெளியே, கார் நிறுத்துமிடத்தை ஒட்டியிருந்த புளியமரத்தடியில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாவது பார்க்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். சட்டத்துக்குக் கீழ்ப்படிவதில் நான் அப்படி ஒரு ஆள். எங்கள் தெருவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறியவருக்கு இல்லாத சட்டம், பிள்ளையை உள்ளே விட்ட தகப்பனுக்கு இருந்தது. ஒன்பது நாள் அந்த மரத்தடியில் நின்று நான் தெரிந்துகொண்டது இதுதான்: சட்டம் யாரைப் பிடித்து நிறுத்த முடிகிறதோ அவனைத்தான் நிறுத்தும்.

மரத்தடியில் எனக்கு முன்பே ஒருவர் இடம்பிடித்திருந்தார். தங்கராஜ், வெள்ளறடையில் ரப்பர் வெட்டுகிறவர். அவர் மகன் எலிக்காய்ச்சலில் உள்ளே கிடந்தான்.

"இருங்க தம்பி. கெட்டியவளுவளுக்கு உள்ளெ ஏசி, நமக்கு இஞ்ச புளியங்காத்து. இந்த வார்டுலெ டிஸ்சார்ஜ் மட்டும் கெடையாது" என்று பாதி விரிப்பை எனக்கு ஒதுக்கினார்.

என் அப்பா இரண்டு பஸ் மாறி வந்தார். வறுத்த நெத்திலியை வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்திருந்தார், லியாவுக்குப் பிடிக்கும் என்று. நர்ஸ் உப்பு ஆகாது என்று திருப்பிவிட்டார். "அப்பிடின்னா நர்சுக்குக் குடு" என்றார் அப்பா. அதுவும் ஆகாது என்று சொல்லிப் புரியவைத்தேன். கடைசியில் தங்கராஜும் அவரும் உட்கார்ந்து தின்றார்கள். போகும்போது அப்பா ஐ.சி.யு. எந்த ஜன்னல் என்று கேட்டு, அதைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார். அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்தது மருந்து வைக்கிற அறை. நான் சொல்லவில்லை.

லியாவுக்குக் கொடுக்க வேண்டிய மருந்துக்கு ஐ.வி.ஐ.ஜி. என்று பெயர். பலபேர் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து நோய் எதிர்க்கும் பொருளை மட்டும் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைத்தது. பன்னிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். விலை எங்கள் கைக்கு எட்டாது, அரசு காப்பீட்டு அட்டையில்தான் கிடைக்கும். அதற்கு என் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைக் கவுண்டரில் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் போனை எடுத்துத் தேடினேன். ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் என் எண்ணைக் கொடுத்திருந்ததால் ஆயிரக்கணக்கில் செய்திகள் குவிந்து கிடந்தன. பென்ஷன் நம்பர், கேஸ் நம்பர், பாஸ் நம்பர். தேவையானதை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைத் திறக்காமல் விடுவது என் வழக்கம். வேண்டிய நம்பர் கிடைத்தது, கவுண்டரில் சொன்னேன், மருந்து மேலே போயிற்று. திரும்பி வந்து இன்னொரு முறை கீழே தள்ளிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

வறுவேல், வயது அறுபத்திரண்டு, பரிசோதனை முடிவு பாசிட்டிவ். தேதியைப் பார்த்தேன். மாதா எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு நாலு நாள் முன்பு.

ஒருமுறைக்கு மூன்றுமுறை படித்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

"மக்கா, லியாக்கொச்சுக்கு எப்பிடி உண்டு? இஞ்ச தெனமும் ஜெபம்தான்" என்றார்.

"ஒங்க டெஸ்டு ரிசல்ட்டு என்னவாயிருந்து?"

"எந்த டெஸ்டு?" என்றவர், தானே தொடர்ந்தார். "ஓ, அதுவா. நீ ஒண்ணும் சொல்லல்லியே. நெகட்டிவ்னுதான் நெனச்சேன்."

"எனக்கு மெசேஜ் வந்திருக்கு. பாசிட்டிவ்."

"பின்னெ நீயில்லா என்கிட்டெ சொல்லணும்? பதிஞ்சது நீயாக்கும்."

எனக்கு இன்னொன்று கேட்கத் தோன்றியது. "ஒங்க தங்கச்சிக்க வீட்டுலெ தகரம் அடிச்சானுவளா?"

பின்னால் கடல் இரைவது கேட்டது.

"கேக்குதா? அடிச்சானுவளா?"

"அடிச்சானுவ" என்றார் மெதுவாக. "மறுநாளே அடிச்சுட்டானுவ. பூட்டிக்கெடக்க வீடாச்சே, உள்ளெ பல்லிக்குத்தான் கொரோனான்னு நானும் எனக்க கெட்டியவளும் சிரிச்சோம். எனக்கு ஒண்ணும் செய்யல்லியே மக்கா, ஒரு இருமல்தானே. நிறுத்துனா தெருவிலெ எல்லாரும் ஏன்னு கேப்பாவ."

அவருக்குத் தெரிந்திருந்தது. பூட்டிய வீட்டுக்கு அடித்த தகரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் படியேறி, என் பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிறார். காரணம் நாலுபேர் ஏன் என்று கேட்பார்கள் என்பது.

தங்கராஜிடம் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "எனக்க கத்தி வெள்ளறடையிலெ இருக்கு. வேணுமா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சும்மா சொன்னேன். அது ரப்பருக்குள்ளது, தோலுதான் சீவும்" என்றார்.

எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. மனு எழுதத் தெரியும். அங்கேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். ஊருக்காக ஆயிரம் மனு எழுதியிருக்கிறேன், ஒன்றைக்கூட அந்தச் சுகத்தோடு எழுதியதில்லை. மலையாளத்தில் ஒரு பிரதி, தமிழில் ஒரு பிரதி. நோய் தெரிந்தே மறைத்தது, பொய் விலாசம் கொடுத்தது, தடையை மீறிக் கூட்டம் நடத்தியது, பிள்ளைக்கு இதயநோய் வரக் காரணமானது. அவர் போலீஸ் ஜீப்பில் ஏறுவதை மூன்றுவிதமாக நினைத்துப் பார்த்தேன். மூன்றிலும் தெரு முழுதும் நின்று பார்த்தது.

மறுநாள் ஜெஸ்லின் குளிக்க வெளியே வந்தாள். அவள் வெளியே இருந்த அரைமணி நேரம் நான் உள்ளே இருக்கலாம் என்று நர்ஸ் இரக்கப்பட்டார். லியாவின் கையில் பிளாஸ்திரி, நெஞ்சில் நாலு வயர். மருந்து ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, "பப்பா, இது எப்பம் தீரும்?" என்றாள். குப்பியைக் காட்டி, "இத்தினிதான் இருக்கு" என்றேன். அவள் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை, குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து ஜெஸ்லினிடம் மனுவைக் கொடுத்தேன், போனையும் காட்டினேன். நின்றபடி முழுதும் படித்தாள். ஈரத்தலை தோளில் சொட்டியது.

"இந்த மெசேஜ் ஒங்க போனுலெயா வந்து கெடந்தது?"

"ம்."

"மாதா வாறதுக்கு நாலு நாளு முன்னெ?"

"நான் பாக்கல்லெ, ஜெஸ்லி."

"விலாசம் பொய்யின்னு தெரிஞ்சுதானே அடிச்சுக்குடுத்திய?"

"எல்லாரும் அப்பிடித்தான்..."

"எழுதுனா ஒங்க பேரயும் சேத்து எழுதுங்க. இல்லெங்கி கிழிச்சுப் போடுங்க." மனுவை என் மடியில் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் அதற்குப் பிறகு என்னிடம் பேசியது லியாவின் சூடு எவ்வளவு என்பது மட்டும்.

மருந்து ஏறிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இறங்கியது இறங்கியபடியே நின்றது. கண் வெளுத்தது, தோசை கேட்டாள். விரல்நுனித் தோல் உரிந்தது, அது நோய் போகிற அடையாளம் என்றார் டாக்டர். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் ஒரு சின்ன மாத்திரை, மாதாமாதம் எக்கோ. "குழாய் சுருங்கும்னு நம்புவோம்" என்றார் டாக்டர். நம்புவோம் என்ற சொல்லை ஒரு டாக்டர் வாயில் கேட்கிறவனுக்குத்தான் அதன் கனம் தெரியும். தங்கராஜ் மகன் எங்களுக்கு முந்தின நாளே போய்விட்டிருந்தான், நடந்துதான் போனான்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே வறுவேல் அண்ணன் வீட்டிலிருந்து நெய்மீன் துண்டு வந்தது, அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவே கொண்டுவந்தார். ஜெஸ்லின் வாசலிலேயே நின்று, "பிள்ளெக்கு மீன் ஆகாது" என்றாள். நாங்கள் இருவரும் தின்னலாம் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

நான் மனுவைத் திருத்தி எழுதினேன். முதல் எதிரி வறுவேல். இரண்டாம் எதிரி நான். என் பெயர், என் அப்பா பெயர், வீட்டுப் பெயர், கடையின் பெயர். திரும்பத் திரும்ப வாசித்து, முதல் பத்தியில் இருந்த அதே கடுமை இரண்டாவதிலும் இருக்கிறதா என்று பார்த்தேன். குறைவாக இருந்த இடத்தில் கூட்டினேன்.

எங்கள் போலீஸ் ஸ்டேஷனில், சோதனை நடந்தது தமிழ்நாட்டில், அங்கே போய்க் கொடு என்றார்கள். அங்கே போனால், ஆள் இருப்பது கேரளம், இங்கே எதற்கு வந்தாய் என்றார்கள். தகரம் அடித்த வீட்டுக்கு இரண்டு நாள் காய்கறிப் பை கொண்டுபோய் வைத்து, யாரும் எடுக்கவில்லையே என்று வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்த பையன் ஒருவன் அந்தப் பக்கத்து அலுவலகத்தில் இருந்தான். அவன் மட்டும் முழுதும் கேட்டான். கேட்டுவிட்டு, "அந்தக் கத்தரிக்காய் எல்லாம் அழுகிப்போச்சு அண்ணே" என்றான். இரண்டு மாநிலத்தின் மேலதிகாரிகளுக்கும் பதிவுத்தபாலில் அனுப்பினேன். ஊரில் சொன்னார்கள், எல்லாரும் செய்ததுதானே, கொரோனாவே போயாச்சு, இனி எதுக்கு என்று. எல்லாரும் செய்தார்கள் என்பதுதான் என் புகாரே. எல்லாரும் செய்ததில் எங்கோ ஒரு பிள்ளைக்கு வரும் என்று டாக்டர் சொன்னாரே, அந்த எங்கோ என் வீடு.

பல மாதம் கழித்து எங்கள் ஸ்டேஷனிலிருந்து என்னையும் வறுவேல் அண்ணனையும் வரச்சொன்னார்கள். ரைட்டர் என் மனுவைப் புரட்டிவிட்டு, "புகார் குடுத்தவனும் நீ, பிரதியும் நீயா?" என்றார், பிரதி என்றால் மலையாளத்தில் எதிரி. ஆமாம் என்றேன். "கடெ லைசென்ஸ் போகும், தெரியுமா?" தெரியும் என்றேன். இந்த மாதிரிக் கேஸெல்லாம் பெரும்பாலும் எச்சரிக்கையோடு முடிகிறது, அவருக்கு அதிகம் வந்தால் ஒரு அபராதம், உனக்குத்தான் நஷ்டம் என்றும் சொன்னார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

வறுவேல் அண்ணன் வெள்ளை வேட்டியில், என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். ரைட்டர் எங்கள் இருவர் வாக்குமூலத்தையும் ஒரே தாளில் மலையாளத்தில் எழுதி முடித்து அவர் பக்கம் நீட்டினார். அவருக்கு மலையாளம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ரைட்டர் மேசையைச் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள், ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டவர்கள், பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த இரண்டு பெண்கள், எங்கள் வார்டு மெம்பர்.

"பிஜு வாசிச்சுக் குடுக்கட்டும்" என்றார் ரைட்டர். "படிச்ச ஆளாச்சே."

வாங்கினேன். எழுந்து நின்றேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் படித்தவன் நான், அந்தப் படிப்பு எதற்கு என்று அன்றைக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வரியையும் மலையாளத்தில் வாசித்து, பிறகு தமிழில் சொன்னேன். நோய் உண்டென்று அறிந்தும். தகரம் அடித்ததை அறிந்தும். ஐந்து வயதுப் பெண்பிள்ளையை எடுத்து முகத்தோடு முகம் சேர்த்து. பாஸ்போர்ட்டுக்கு வந்த பெண்களில் ஒருத்தி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பைய வாசி மக்கா" என்றார். "எனக்குக் காது கேக்கும்."

நான் குரலைக் குறைக்கவில்லை. முதல் பத்தி முடிந்தது. இரண்டாம் பத்தியில் என் பெயர் வந்தது. பொய்யென்று அறிந்தும் பதிவு செய்த. செய்தி கைபேசியில் வந்தும் பார்க்காமல் விட்ட. அதனால் சொந்த மகளுக்கே. அதையும் அதே சத்தத்தில், இரண்டு மொழியிலும் வாசித்தேன். வார்டு மெம்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

காகிதத்தை மேசையில் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தேன். வறுவேல் அண்ணன் பேனாவை எடுக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"லியாக்கொச்சுக்கு இப்பம் எப்பிடி உண்டு?"

முந்தின வாரம்தான் எக்கோ எடுத்திருந்தோம். அளவு எனக்கு மனப்பாடம்.

"இஞ்ச ஒப்புப் போடும்" என்றேன்.

அவர் போட்டார். பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, அதற்குக் கீழே நான் போட்டேன்.